உறைபனி யாருக்கு அழகு?

தை பிறந்துவிட்டால் நமது பத்திரிகைகளின் முதற்பக்கத்திலே ஒரு படம் தவறாது இடம்பெறும். நுவரெலியாக் குதிரைப்பந்தயத் திடலின் புற்றரை வெளுத்துக் கிடக்கும். அதன் நடுவே கம்பளிச் சட்டையும் கழுத்துச் சால்வையும் அணிந்த ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு நிற்கும். 'குட்டி இங்கிலாந்தில் பனிமழை' என்றோ, 'வெள்ளைக் கம்பளம் விரித்தாள் இயற்கையன்னை' என்றோ தலைப்பிருக்கும். அந்தப் படம் வெளியான வாரமே கொழும்பிலிருந்து வாகனங்கள் மலையேறத் தொடங்கும். விடுதிகளின் அறை வாடகை ஏறும். வெயிலிலே பிறந்து வெயிலிலே வளர்ந்த நம்மவர்கள், விடியற்காலையில் புல்நுனியிலே படிந்த வெண்மையை விரலால் தொட்டு வியந்து, வெயில் ஏறுமுன் படம் பிடித்துக்கொண்டு ஊர் திரும்புவர்.

இதிலே நாம் குறைகாண என்ன இருக்கிறது என்று அன்பர்கள் கேட்கலாம். மார்கழியிலும் இரவு வெப்பநிலை இருபது பாகைக்குக் கீழே இறங்குவது அருமையாகவுள்ள கொழும்பிலே வாழ்கின்றவன், சில மணி நேரப் பயணத்திலே ஆறாயிரம் அடி உயரத்தை அடைந்து, நீர் உறையும் குளிரைத் தன் மேனியிலே உணர்வது ஒரு பேரனுபவமே. அதனை மறுப்போர் இலர். இயற்கையைக் கண்டு மகிழ்வது மனிதனுக்குரிய உரிமை. உழைப்பவனுக்கும் உரிய உரிமை. நாம் எதிர்ப்பது மகிழ்ச்சியை அன்று. அந்த மகிழ்ச்சியைச் சுற்றிக் கட்டப்படும் பொய்யை. அந்தப் பொய்க்கு எழுத்தாளரும், பத்திரிகையாளரும், ஆசிரியராகிய நாமும் ஆண்டுதோறும் மை வார்த்துக் கொடுக்கிறோம். ஆதலின் இக்கண்டனம் முதலிலே எம்மை நோக்கியதே.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் எமது உயர்வகுப்பு மாணவரைச் சுற்றுலாவாக அழைத்துச் சென்றோம். இரவு முழுதும் பேருந்திலே பாட்டும் கூத்துமாகப் பயணஞ் செய்து, விடியுமுன் நுவரெலியாவை அடைந்தோம். பிள்ளைகள் உறைபனியைச் சுரண்டி ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடினர். நாமும் விளையாடினோம். பின்னர், 'இதனினும் அழகான இடம் இருக்கிறது' என்று சாரதி கூற, ஒரு தேயிலைத் தோட்டத்தின் பள்ளத்தை நோக்கி நடந்தோம். அங்கே செடிகள் யாவும் வெள்ளி முலாம் பூசியவை போல நின்றன. நாமும் மாணவரும் வியந்து நிற்கும்போதே சூரியன் மேலெழுந்தான். வெண்மை கரைந்தது. அதன் கீழிருந்த இளங்கொழுந்து கண்ணெதிரே சுருண்டது. அருகே முந்திய நாள்களிற் பனி விழுந்த செடிகளோ தீயிலே வாட்டியவை போலக் கருஞ்சிவப்பாய் நின்றன. தலையிலே மடித்த கம்பளியும், இடுப்பிலே படங்கும், முதுகிலே வெறுங்கூடையுமாக ஒரு வயோதிப மாது அந்தச் செடிகளை நோக்கி நின்றார். 'அம்மா, எவ்வளவு அழகாயிருக்கிறது!' என்று எம் மாணவி ஒருத்தி சொன்னாள். அந்த அம்மையார் எம்மை ஒருமுறை பார்த்தார். 'அழகுதாங்க, சேர். ஆனா இந்த மலையில இன்னிக்கி அரைப் பேருக்கும் கொழுந்து இல்லீங்க' என்றார்.

கோபத்தோடு சொல்லப்பட்ட சொற்கள் அல்ல அவை. ஒரு கணக்கைச் சொல்வது போலச் சொன்னார். ஆயினும் திரும்பும் வழியெல்லாம் எம் பேருந்திலே பாட்டு எழவில்லை. பல்கலைக்கழகத்திலே தமிழ் பயின்று, வகுப்பறையிலே இயற்கை வருணனையின் நயத்தை ஆண்டுதோறும் விளக்கி வருகின்ற எமக்கு, அன்று காலை கண்ணெதிரே நின்ற செடியை வாசிக்கத் தெரியவில்லை. அந்த அறியாமையிலிருந்துதான் இக்கட்டுரை பிறக்கிறது.

முதலாவது பொய் சொல்லிலேயே இருக்கிறது. 'பனிமழை', 'பனிப்பொழிவு' என்று எழுதுகிறார்கள். வானிலிருந்து அங்கே எதுவும் பொழிவதில்லை. முகிலற்ற, காற்றசையாத தை மாசி இரவுகளிலே நிலம் பகலிற் பெற்ற வெப்பத்தை வானை நோக்கி வீசி இழந்துவிடுகிறது. நிலத்தை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. புல்லும் இலையும் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்ததும் காற்றிலுள்ள நீராவி நேரே பனிப்படிகமாக அவற்றின்மேற் படிகிறது. இது உறைபனி. வானிலை நிலையத்தின் வெப்பமானி நிலத்துக்கு நான்கடி மேலேயுள்ள பெட்டியிலே இருப்பதால், அது மூன்று பாகை, நான்கு பாகை என்று காட்டும்போதே கீழே புல்நுனி உறைந்திருக்கக்கூடும். குளிர்ந்த காற்று பாரமானது. நீரைப் போலவே சரிவு வழியே இறங்கிப் பள்ளங்களிலே தேங்குகிறது. பந்தயத் திடலும் கோல்ப் மைதானமும் பள்ளத்துத் தேயிலையும் மரக்கறித் தோட்டங்களும் வெளுப்பது இதனாலேயே. பல தோட்டங்களிலே துரையின் பங்களா மேட்டிலே இருக்கிறது. லயங்கள் சரிவின் அடியிலே இருக்கின்றன. இடந்தேர்ந்து கட்டியவர் எவர் என்பதைச் சிந்திப்போருக்கு, குளிர்கூட எல்லார் வீட்டுக்கும் ஒரே அளவிற் செல்வதில்லை என்பது புலனாகும்.

இது சொல்லாராய்ச்சி அன்று. பொழிவது என்றால் அது இயற்கையின் கொடை. படிந்து கருக்குவது என்றால் அது ஒரு பயிர்ச்சேதம். வெள்ளத்தை 'நீர்க்கோலம்' என்று எழுதும் பத்திரிகை இந்நாட்டில் இல்லை. வறட்சியை 'பொன்னிறப் பூமி' என்று எழுதி உல்லாசப் பயணிகளை அழைப்பாரும் இலர். உறைபனி மட்டும் ஏன் விழாவாயிற்று? அது சேதப்படுத்துவது யாருடைய அன்றாட உணவை என்பதிலே அதற்குரிய விடை இருக்கிறது.

தேயிலைச் செடியின் விலை அதன் நுனியிலே இருக்கிறது. இரண்டிலையும் ஒரு மொட்டுமாகிய அந்த நுனியே மிக மென்மையானது. ஆதலால் உறைபனி முதலிலே அழிப்பதும் அதனையே. இலையின் உள்ளே நீர் உறைந்து, அதன் நுண்ணறைகள் சிதைகின்றன. வெயில் பட்டதும் இலை கருகுகிறது. செடி பெரும்பாலும் சாவதில்லை. ஆனால் மறுபடி தளிர்க்க வாரங்கள் செல்லும். கடுமையாகத் தாக்குண்டால் மாதங்களும் செல்லும். செடி காத்திருக்கும். பறிப்பவளின் அடுப்பு காத்திருக்குமா? தோட்டத்திலே ஒரு நாட்பேர் முழுதாக விழவேண்டுமானால் நிறுவையிலே குறித்த கிலோ காட்டவேண்டும். குறைந்தால் அரைப் பேர்; அல்லது பறித்த கிலோவுக்கு மட்டும் காசு. கருகிய மலையிலே குறித்த கிலோவுக்கு எங்கே போவது? நெடும் போராட்டத்தின் பின் 2021 இலே நாட்சம்பளம் 1,000 ரூபாயாயிற்று. 2024 இலே 1,350 ரூபாயாயிற்று. பேர் விழாத நாளிலே அத்தொகைகள் வர்த்தமானியிலே அச்சிட்ட எழுத்துகள் மாத்திரமே.

தேயிலை மட்டுமன்று. கந்தப்பொல, சீத்தாஎலிய, அம்பேவல முதலிய இடங்களிலே உருளைக்கிழங்கும் மரக்கறியும் பயிரிடும் சிறு விவசாயி, சூரியன் ஏறுமுன் எழுந்து, உறைந்த இலைகளின்மேல் நீர் தெளித்து அவற்றைக் காக்க முயல்கிறான். அவன் சிங்களவனாகவும் இருப்பான், தமிழனாகவும் இருப்பான். உறைபனி மொழி கேட்டுப் படிவதில்லை. கடன்காரன் மொழி கேட்டு வருவதுமில்லை. இவ்விரு சாராரும் ஒரே காலையிலே ஒரே பள்ளத்திலே விறைத்த கைகளோடு நிற்கிறார்கள் என்பதை, இனத்தின் பேரால் அவர்களைப் பிரித்து வாழ்வோர் படம் பிடிப்பதில்லை.

இனி வரலாற்றைச் சிறிது நோக்குவோம். வெப்பநாட்டிலிருந்து வந்து இந்தக் குளிரை அனுபவித்தோர் இன்றைய உல்லாசப் பயணிகள்தாம் என்று எண்ணுவது தவறு. 1820களிலே தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் நுவரெலியாவை வெள்ளையர் நோய் தணிந்து இளைப்பாறும் இடமாக்கினான். தமது நாட்டுக் குளிரை நினைவூட்டியமையால் அவர்கள் அதனைக் கொண்டாடினர். 'குட்டி இங்கிலாந்து' என்ற பெயர் அந்த ஏக்கத்தின் பெயர். ஆனால் அவர்களின் கோப்பியையும், 1869 இலே தொடங்கிய இலைநோயினாற் கோப்பி அழிந்தபின் தேயிலையையும் நட்டுப் பறிக்க இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் முதலிய வறண்ட சமவெளிகளிலிருந்து அழைத்துவரப்பட்டோர் யாவர்? வெயிலைத் தவிர வேறறியாத மக்கள். உறைபனியை ஆயுளில் முதன்முறை கண்ட வெப்பநாட்டார் அவர்களே. அவர்களை எவரும் படம் பிடிக்கவில்லை. குளிருக்கென்று கொடுக்கப்பட்ட கம்பளியின் விலையும் அவர்களுடைய கடன் கணக்கிலே ஏறிற்று. இன்று பத்திரிகைகள் காணும் வெள்ளைக் கம்பளத்துக்கும், அந்த அம்மையாரின் தலையிலிருந்த கம்பளிக்கும் இடையேயுள்ள தூரம் இரண்டு நூற்றாண்டு.

அந்த மக்களின் வழித்தோன்றல்களையே 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று. 1964 இலே இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரைக் கப்பலேற்றிற்று. அவர்களுட் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலே குடியேற்றப்பட்டனர். அங்கும் தை மாசியிலே உறைபனி படிகிறது. அங்கும் கொழுந்து கருகுகிறது. அங்கும் உதகையை நோக்கிச் சமவெளியிலிருந்து வாகனங்கள் ஏறுகின்றன. கடல் கடந்தும் அவர்களைக் குளிர் விடவில்லை; வேடிக்கை பார்ப்போரும் விடவில்லை.

இதிலே ஒரு முரண்பாடு உண்டு. அதனை மாணவர்கள் கவனிக்கவேண்டும். தை முதல் பங்குனி வரையுள்ள அதே குளிர்ந்த, வறண்ட பருவமே திம்புள்ள, நுவரெலியாப் பகுதித் தேயிலைக்கு உயர்ந்த மணத்தைத் தருகிறது. கொழும்புத் தேயிலை ஏலத்திலே அப்பருவத் தேயிலைக்குத் தனி மதிப்பு. ஆகவே ஒரே குளிர் மூன்று விதமாகக் கணக்கெழுதப்படுகிறது. ஏற்றுமதியாளனுக்கு அது மணம். விடுதி முதலாளிக்கு அது வாடகை. கொழுந்து பறிப்பவளுக்கு அது அரைப் பேர். குளிரால் வரும் இலாபம் மேலே செல்கிறது. குளிரால் வரும் நட்டம் கீழே இறங்குகிறது. இதற்கு விளக்கம் வானிலையில் இல்லை, உடைமையில் இருக்கிறது.

இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய கதையென்றும் எண்ணவேண்டாம். 2023 பெப்ரவரி இறுதியிலே தென் கலிபோர்னியாவில், 1989 இன் பின் முதற்றடவையாக, லொஸ் ஏஞ்சலிஸ் மலைகளுக்குக் கடும்பனிப்புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. பனைகளின் பின்னே வெண்மலைகள் நிற்கும் படங்களை உலகம் முழுதும் கண்டு களித்தது. அதே நாள்களிலே தென் கலிபோர்னிய மலைகளில், கிறெஸ்ட்லைன் முதலிய சிற்றூர்களிலே, தெருக்கள் மூடுண்டு, மருந்தும் உணவும் எட்டாமல் மக்கள் நாட்கணக்கிலே சிறைப்பட்டிருந்தனர். பாரந்தாங்காது அவ்வூர் மளிகைக் கடையின் கூரையே இடிந்து விழுந்தது. மார்ச்சு முதலாந் திகதியே ஆளுநர் அவசர நிலையைப் பிரகடனஞ் செய்தார். 2016 ஜனவரி 24 ஆந் திகதி ஹொங்கொங்கிலே, நகரின் வெப்பநிலை 3.1 பாகைக்கு இறங்கிய அன்று, 957 மீற்றர் உயரமான தாய்மோஷான் மலைக்கு உறைபனி காண ஓடியவர்கள் வழுக்கும் பாதையிலே திரும்ப இயலாது தவித்தனர். அவர்களை மீட்க விறைத்த கைகளோடு ஏறியவர்கள் தீயணைப்புத் தொழிலாளர். அங்கும் வேடிக்கையின் விலையைக் கொடுத்தவர் வேடிக்கை பார்த்தவர் மட்டுமல்லர்.

'எதனையும் அரசியலாக்குவதே உங்கள் தொழிலாயிற்று; அழகை அழகாகப் பார்க்கக் கூடாதா?' என்று கலைக்காகவே கலையென்போர் கேட்பர். தமிழ் மரபின் பேராலும் அவர்கள் இதனைக் கேட்பதுண்டு. மரபையே சாட்சிக்கு அழைப்போம். தொல்காப்பியர் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாக வகுத்தார். அத்துடன் நின்றாரா? நிலத்தையும் பொழுதையும் சொன்னவர், கருப்பொருளிலே அந்நிலத்து உணவையும் தொழிலையும் சேர்த்தே சொன்னார். தொழிலில்லாத நிலம் நம் இலக்கணத்தில் இல்லை. நக்கீரரின் நெடுநல்வாடையை எடுத்துக்கொள்வோம். குளிரைப் பாட வந்த புலவர் முதலிலே அரண்மனைக்குச் செல்லவில்லை. மழையிலும் வாடையிலும் நனைந்து, மந்தையை மேட்டுக்கு ஓட்டிச் சென்று, தீயிலே கைகாய்ந்து நடுங்கும் கோவலரையே முதலிலே காட்டுகிறார். மேய்ச்சலை மறந்த விலங்கும், ஒடுங்கிய குரங்கும், காற்றிலே வீழும் பறவையும் அடுத்து வருகின்றன. அரசியின் கட்டில் அதற்கு வெகு பின்னர். இறுதியிலே அரசனும் பாடிவீட்டில் நள்ளிரவு வாடையிலே, புண்பட்ட வீரரைக் காண நடக்கிறான். அரசனைப் பாடிய புலவனுக்கே குளிரிலே நடுங்குவோன் முதலிலே கண்ணிற் பட்டான். மக்களைப் பாடுகிறோம் என்போருக்குக் குதிரைப்பந்தயத் திடல் மட்டும் கண்ணிற் படுவதாயின், மரபைக் கைவிட்டவர் யார்?

மலையகத்திலிருந்தே இதற்கு விடை எழுந்துள்ளது. வட்டக்கொடையருகே தோட்டத்திலே பிறந்து, 1947 இலே தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றஞ் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, அந்த மலைகளின் அழகை மறுத்தவர் அல்லர். அவருடைய எழுத்திலே மலையும் மூடுபனியும் உண்டு. அவற்றினூடே கூடை சுமந்து நடக்கும் மனிதரும் உண்டு. அவர்களை நீக்கிவிட்டு அவர் மலையைப் பார்த்ததில்லை. அழகுணர்ச்சியின் குறைவு அன்று அது, நிறைவு.

எம் அணியிலேயே சிலர் வேறொரு தவறைச் செய்கின்றனர். 'பனியும் நிலவும் பூர்ஷுவாக்களுக்கு உரியவை; தொழிலாளிக்கு அவை வேண்டா' என்பர். இதனையும் நாம் ஏற்பதற்கில்லை. அந்த அம்மையார் 'அழகுதாங்க' என்ற சொல்லையே முதலிற் கூறினார் என்பதை நாம் மறக்கலாகாது. அவரிடமிருந்து பறிக்கப்பட்டது கூலி மட்டுமன்று. அந்த அழகை அச்சமின்றிப் பார்க்கும் ஓய்வும் பறிக்கப்பட்டது. அதனையும் மீட்டுக் கொடுப்பதே எமது இயக்கத்தின் வேலை.

இன்னொரு வாதமும் உண்டு. உல்லாசப் பயணிகள் வருவதால் ஏழைகளுக்கும் நாலு காசு கிடைக்கிறதல்லவா என்பர். உண்மையே. சாரதிக்கும், கடலை விற்பவனுக்கும், மரக்கறிக் கடைக்காரனுக்கும் கிடைக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் விடுதிகளிலே பாத்திரம் கழுவும் வேலையும் பெறுகின்றனர். ஆனால் கருகிய கொழுந்துக்கு ஈடாக விடுதி வாடகையிலே ஒரு சதமேனும் லயத்துக்குச் செல்கிறதா? கொழுந்தை இழந்த தாய்க்கு மகன் கழுவும் பாத்திரத்தை ஈடாகக் காட்டுவது பொருளாதாரம் அன்று, ஏளனம்.

அந்த லயங்களை நினைவிற் கொள்வோம். பத்தடியும் பன்னிரண்டடியுமான காம்பிராக்கள், தகரக் கூரை, புகை வெளியேற வழியில்லாத அடுப்பு. உறைபனி இரவிலே அந்தத் தகரத்தின் கீழே குழந்தைகள் உறங்குகின்றன. மாரியிலே அதே சரிவு மண்ணாகச் சரிந்து வருகிறது. 2014 ஒக்டோபர் 29 இலே கொஸ்லாந்தை மீரியபெத்தையிலே லயங்களை மண் மூடிற்று. 2025 நவம்பர் இறுதியில் வீசிய 'டித்வா' புயலிலும் மலைநாடு சரிந்தது. மாரியிலே மண்ணுக்கும், தையிலே குளிருக்கும் அஞ்சி வாழும் மக்களின் வாசலிலே நின்றுதான் நாம் படம் பிடிக்கிறோம்.

ஆகவே நாம் வேண்டுவன இவை. உறைபனி விழுந்த மலையிலே வேலைக்கு வந்த எவருக்கும் கிலோக் கணக்கின்றி முழுப் பேர் விழவேண்டும்; இது தருமம் அன்று, உரிமை. கருகிய பயிருக்குச் சிறு விவசாயி இழப்பீடு பெறவேண்டும். லயங்களுக்குப் பதிலாகப் பாதுகாப்பான நிலமும், குளிர் புகாத வீடும், இரண்டுக்கும் உறுதியும் வேண்டும். தொழிற்சங்கங்கள் இவற்றைக் கோரும்போது, நகரத்துப் படித்தோர் வாய்மூடி இருத்தலாகாது.

ஆசிரியத் தோழர்களே, எம் பங்கு சிறிது. ஆயினும் அது எம் கையிலேயே இருக்கிறது. அடுத்த தையிலும் நாம் மாணவரை மலைக்கு அழைத்துச் செல்வோம். அவர்கள் பனியைத் தொடட்டும், மகிழட்டும். பின்னர், சூரியன் ஏறும்வரை அங்கேயே நிற்கச் செய்வோம். வெண்மை கரைந்தபின் செடி எப்படி இருக்கிறது என்பதையும் அவர்கள் பார்க்கட்டும். நிறுவைத் தராசின் அருகே நின்று, கூடையின் பாரத்தையும் பேரேட்டிலே விழும் பேரையும் பார்க்கட்டும். பாடசாலைக்குத் திரும்பியதும் 'நான் கண்ட உறைபனி' என்று கட்டுரை எழுதச் சொல்வோம். அதிலே வெள்ளைக் கம்பளம் என்று எழுதும் பிள்ளையின் சொற்றொடரை நாம் சிவப்பு மையால் வெட்டத் தேவையில்லை. அதற்குக் கீழே ஒரு கேள்வியை மட்டும் எழுதுவோம்: அன்று காலை அந்த மலையில் எத்தனை பேருக்குப் பேர் விழுந்தது?